ஈரல் வலித்துச் சொல்லாது. நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்

(மடு மாதா ஆவணித் திருவிழாவுக்கு வந்த தோட்டக் குடும்பங்களும், மன்னார் மாவட்டத்தில் குடியேறி வாழும் நம் உறவினர்களும் முருங்கன் பகுதியில் ஒன்றுகூடியபோது, எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வர முடியாதவர்களும் படித்துப் பயன்பெற வேண்டும் என்பதற்காக இங்கே தருகின்றோம்.)



மன்னார்க் கரை நமக்கு அந்நியமான இடமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் இந்தக் கரையில் இறங்கித்தான் காட்டு வழியே மாத்தளை வரைக்கும் கால்நடையாக நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், அக்கரையில் மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, பரிசோதித்து, அம்மைப்பால் குத்திய பிறகே நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள். நோய் ஊருக்குள் வருமுன்னே வாசலில் வைத்துத் தடுக்க வேண்டும் என்ற பாடம் நமக்கு அப்போதே இந்தக் கடலோரத்தில் சொல்லித் தரப்பட்டது. இன்று நாம் பேச வந்திருப்பதும் அப்படி வாசலிலேயே தடுக்கக்கூடிய ஒரு நோயைப் பற்றித்தான். அது ஈரல் புற்றுநோய்.

புற்றுநோய் என்றவுடன் சிலர் "அது தலைவிதி ஐயா, வந்தா போக வேண்டியதுதான்" என்கிறார்கள். எல்லாப் புற்றுநோய்க்கும் காரணம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஈரல் புற்றுநோய் வரும் பாதை பெரும்பாலும் தெரிந்த பாதை. அந்தப் பாதையில் இரண்டு பெரிய வாசல்கள் உண்டு. ஒன்று போத்தல். மற்றது செங்கமாரிக் கிருமிகளில் இரண்டு வகை. இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று விளக்கமாகச் சொல்லப் போகின்றோம்.

ஈரல் செய்கிற வேலை

வலது பக்க விலா எலும்புக்குக் கீழே, கையை வைத்தால் தெரியாத அளவுக்கு ஒளிந்து கிடக்கிறது ஈரல். பெரியவர் ஒருவருக்கு அதன் நிறை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நாம் சாப்பிடுவது, குடிப்பது, விழுங்கும் மாத்திரை எல்லாம் குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. நல்லதைச் சேமிப்பதும், நஞ்சை முறிப்பதும், காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு வேண்டியதைச் செய்வதும், கொழுப்பைச் செரிக்கப் பித்தம் சுரப்பதும் அதுதான்.

அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று நல்லது: வெட்டிவிட்ட தேயிலைச் செடி மீண்டும் தளிர்ப்பதுபோல, சேதப்பட்ட பகுதியைத் தானே வளர்த்துக்கொள்ளும். மற்றது ஆபத்தானது: அது வலித்துச் சொல்லாது. பல்லில் சிறு ஓட்டை விழுந்தால் இரவெல்லாம் தூக்கமில்லை. ஈரலில் பாதி கெட்டாலும் மனிதர் பிரட்டுக்குப் போய்ப் பேர் போட்டு மலைக்கு ஏறுவார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வருடங்களைக் கடத்துவார்.

சாராயம் ஈரலுக்குள் போய் என்ன செய்கிறது?

சாராயம், கள்ளு, பியர், கசிப்பு எதுவானாலும் போதை தருவது ஒரே பொருள்தான். அதற்கு மதுசாரம் என்று பெயர். ஈரல் அதை உடைக்கும்போது இடையில் அசற்றல்டிகைட் என்ற நஞ்சு உண்டாகிறது. உடம்பின் நுண்ணிய கலங்களுக்குள் இருக்கும் பரம்பரை அலகுகளை இந்த நஞ்சு சேதப்படுத்துகிறது. மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988இலேயே உறுதியாக அறிவித்துவிட்டது. இந்த அளவு குடித்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லக்கூடிய அளவு ஒன்றும் கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொன்னது.

தினமும் குடிப்பவரின் ஈரல் மூன்று படியாகக் கெடுகிறது. முதலில் ஈரலில் கொழுப்புப் படியும். இந்தப் படியில் குடியை நிறுத்தினால் சில வாரங்களில் ஈரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இரண்டாவது படியில் ஈரல் அழற்சியடைந்து வீங்கும். மூன்றாவது படியில் நல்ல சதை இருந்த இடமெல்லாம் தழும்பாகி, ஈரல் சுருங்கிக் கட்டியாகிவிடும். இதைத்தான் வைத்தியர்கள் சிரோசிஸ் என்கிறார்கள். வருடக்கணக்காக அதிகமாகக் குடிக்கும் நூறு பேரில் பத்து முதல் இருபது பேர் வரை இந்த மூன்றாம் படிக்கு வருகிறார்கள். ஈரல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித் தழும்பேறிய ஈரலில்தான் முளைக்கிறது. திரும்பத் திரும்பச் சேதப்பட்டு, திரும்பத் திரும்பப் புதுச் சதை வளரும்போது, எங்கோ ஓரிடத்தில் வளர்ச்சி கட்டுக்கு அடங்காமல் போய்விடுகிறது.

"பக்கத்து லயத்துத் தாத்தா எண்பது வயசு வரைக்கும் குடிச்சாரே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆற்றில் இறங்கியவர் எல்லோரும் அடித்துக்கொண்டு போவதில்லை. ஆனால் போகப் போவது யார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

கள்ளு இயற்கைப் பானமாமே?

மன்னார்ப் பக்கம் வந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தீவு முழுக்கப் பனை. தலைமன்னார், பேசாலைப் பக்கம் போனால் பார்க்கிற இடமெல்லாம் வடலி. "ஐயா, மலையிலதான் சாராயம், கசிப்புன்னு கெட்டோம். இங்க வந்து வெறுங் கள்ளுதான். மரத்திலருந்து வர்றது, உடம்புக்குக் குளிர்ச்சி" என்று ஒருவர் எங்களிடம் சொன்னார்.

மரத்திலிருந்து வருவது இனிப்பு நீர்தான். அதில் போதை இல்லை. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது கருப்பநீர், பதநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. குழந்தைக்கும் கொடுக்கலாம். சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே நீர் புளித்துக் கள்ளாகிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே முட்டி. வித்தியாசம் அந்தப் புளிப்பில் உண்டாகும் மதுசாரம்தான். ஈரல் அது எந்த மரத்திலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. எவ்வளவு வந்தது என்றுதான் பார்க்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 750 மில்லிலீற்றர்ச் சாராயப் போத்தலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். ஆகவே அரைப் போத்தல் சாராயத்தில் ஏறத்தாழ 100 கிராம் மதுசாரம் இருக்கிறது. கள்ளில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வைத்தால், மூன்று போத்தல் கள்ளிலும் ஏறத்தாழ அதே அளவுதான். 8 வீதப் பலமான பியரில் பெரிய போத்தல் இரண்டரை. "நான் சாராயம் தொடுறதில்ல" என்று சொல்லிவிட்டு, தவறணையில் மூன்று போத்தல் கள்ளுக் குடித்துவிட்டு வருபவரின் ஈரலுக்கு, அரைப் போத்தல் சாராயம் குடித்தவரின் ஈரலுக்கு உள்ள சுமைதான். கசிப்பைப் பற்றி இப்படிக் கணக்குப் போடவும் முடியாது. அதில் எவ்வளவு மதுசாரம், வேறு என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது.

பனையைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. மரம் ஏறும் தொழிலாளியும் நம்மைப்போல உடம்பால் உழைப்பவர்தான். கருப்பநீர் குடியுங்கள், பனங்கட்டியோடு தேத்தண்ணி குடியுங்கள், பனங்கிழங்கு வாங்கி ஊருக்குக் கொண்டுபோங்கள். கள்ளை மட்டும் மருந்து என்று சொல்லி உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

எந்தச் செங்கமாரி என்று கேளுங்கள்

இனி இரண்டாவது வாசலுக்கு வருவோம். கண் மஞ்சளாகி, சிறுநீர் கடும் நிறமாகப் போனால் நாம் எல்லாவற்றையும் செங்கமாரி என்கிறோம், மஞ்சட்காமாலை என்கிறோம். ஆனால் அதை உண்டாக்கும் கிருமிகள் பல வகை. ஆங்கில எழுத்து வரிசையில் ஏ, பி, சி, டி, ஈ என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஹெப்பற்றைற்றிஸ் ஏ, ஹெப்பற்றைற்றிஸ் பி என்று வைத்தியர் சொல்வது இதைத்தான்.

ஏ, ஈ ஆகிய இரண்டும் பெரும்பாலும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும். 2007இல் நமது கம்பளையில் பரவியதும், 2009இல் இங்கே பக்கத்தில் செட்டிகுளம் முகாம்களில் நெருக்கியடித்து இருந்த மக்களிடம் பரவியதும் ஏ வகைதான். இது வந்தால் சில வாரங்கள் படுக்க வைக்கும். பெரும்பாலானோருக்கு முற்றாகக் குணமாகிவிடும். நாட்பட்டுத் தங்கிப் புற்றுநோயாவதில்லை. பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும், மலசலகூடத்துக்குப் போய்வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும் இதைத் தடுக்கும். ஈ வகை மட்டும் கர்ப்பிணித் தாய்மாருக்கு உயிராபத்தை உண்டாக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி, சி இரண்டும் வேறு. இவை தண்ணீரில் வருவதில்லை. இரத்தத்தாலும், பி வகை உடலுறவாலும், பிரசவ வேளையில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றுகின்றன. இவை உடம்பில் வருடக்கணக்காகத் தங்கி, சத்தமில்லாமல் ஈரலை அரித்து, தழும்பாக்கி, கடைசியில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பலருக்குக் கண் மஞ்சளாவதுகூட இல்லை. பி வகையில் ஒரு முக்கியமான விசயம்: வளர்ந்தவர் ஒருவருக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் உடம்பே அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு அது வாழ்நாள் முழுக்க நிலைத்துவிடும்.

உலகம் முழுவதிலும் 2022இல் 25 கோடியே 40 இலட்சம் பேர் பி வகையோடும், 5 கோடிப் பேர் சி வகையோடும் வாழ்ந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 8 இலட்சத்து 66 ஆயிரம் பேருக்குப் புதிதாக ஈரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நமது இலங்கையில் பி, சி வகைகள் மற்ற நாடுகளைவிடக் குறைவு. அது நல்ல செய்தி. ஆனால் அந்த நல்ல செய்திக்குள் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இந்த நாட்டில் ஈரல் புற்றுநோய் வருவோரில் பெரும்பாலானோருக்குக் கிருமியே இல்லை. மதுவும், நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றோடு வரும் ஈரல் கொழுப்பும்தான் முன்னுக்கு நிற்கின்றன. ஆகவே "எனக்குச் செங்கமாரி வந்ததேயில்லை" என்று சொல்லிப் போத்தலைத் திறப்பதற்கு இடமில்லை.

இரண்டும் சேர்ந்தால்

பி அல்லது சி கிருமி உள்ள ஒருவர் குடிக்கவும் செய்தால், இரண்டு பக்கமும் தீ வைத்த மெழுகுதிரிபோல ஈரல் கரைகிறது. தழும்பும் சீக்கிரம், புற்றுநோயும் சீக்கிரம்.

எங்கள் தோட்டத்தில் நல்ல கவ்வாத்துக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். வாலிப வயதில் அவருக்குச் செங்கமாரி வந்தது. பச்சிலை கொடுத்தார்கள், பத்தியம் இருந்தார், மஞ்சள் இறங்கியது. எந்த வகை என்று யாரும் இரத்தம் பார்க்கவில்லை. பிறகு சம்பள நாளில் கொஞ்சம், பிறகு சனிக்கிழமை தோறும், பிறகு தினமும் என்று குடி ஏறியது. வேலைக்கு ஒரு நாளும் குறை வைத்ததில்லை. நாற்பத்தெட்டு வயதில் வயிறு பெருத்தது. கால் வீங்கியது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் பானைபோல நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் பெரிய கட்டி. இரத்தத்தில் பி கிருமியும் இருந்தது. வெட்டி எடுக்கும் காலம் கடந்துவிட்டது. நான்கு மாதத்தில் போய்விட்டார்.

காரியம் முடிந்து அவருடைய மனைவியைப் பார்க்கப் போனோம். அந்த அம்மா சொன்னது இதுதான்: "வலிக்குதுன்னு ஒரு நாளும் சொல்லலையே ஐயா. சொல்லியிருந்தா கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனே."

அதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்கின்றோம். ஈரல் சொல்லாது. அந்தக் குடும்பத்தில் மூத்த பையன் ஏ.எல். படிப்பை விட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். போத்தலுக்குக் கொடுத்தது அவருடைய உயிரை மட்டுமல்ல, அந்தப் பிள்ளையின் படிப்பையும்தான்.

கீழ்காய்நெல்லி போதாதா?

செங்கமாரிக்குக் கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பரம்பரையாக உள்ள வழக்கம். அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. பி கிருமியை முதன்முதலாகக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளும்பேர்க் அவர்களே இந்தச் செடியைப் பற்றிய ஆராய்ச்சியில் சேர்ந்தவர். சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், பி கிருமி நிலைத்துவிட்டவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, பலருக்குக் கிருமி மறைந்தது என்று 1988இல் அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஏ வகை எப்படியும் தானாக இறங்கும். அதனால் பச்சிலைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. பி வகையில் மஞ்சள் இறங்கும், சிலருக்குக் கிருமி இறங்காது. ஆகவே எங்கள் வேண்டுகோள் இது: பச்சிலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். மஞ்சள் இறங்கி ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஒரு தடவை பாருங்கள். சூடு போடுவது மட்டும் எந்த வகைக்கும் வேண்டாம். அது புண்ணைத் தவிர வேறொன்றும் தராது.

புற்றுநோய்க்கு ஒரு தடுப்பூசி

இப்போது சந்தோசமான விசயம். புளும்பேர்க், அவுஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் 1960களில் இந்தக் கிருமியின் அடையாளத்தைக் கண்டார். 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய பிறந்த நாளான யூலை 28ஐத்தான் உலக ஹெப்பற்றைற்றிஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து தடுப்பூசி பிறந்தது. பி வகை மிகவும் அதிகமாக இருந்த தாய்வான் தீவில் 1984இல் குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அங்கே பிள்ளைகளுக்கு வரும் ஈரல் புற்றுநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது. ஊசி போட்டுப் புற்றுநோயைத் தடுக்கலாம் என்பதை உலகம் முதன்முதலில் கண்டது அங்கேதான்.

இலங்கையில் 2003 முதல் இந்த ஊசி குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. 2008 முதல் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியாக, இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடுகிறார்கள். இலவசம். குடும்பநல மருத்துவமாது வரச் சொன்ன நாளில் "கொழுந்து அதிகம், லீவு கிடைக்காது" என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாள் பேரைவிடப் பிள்ளையின் ஈரல் பெரிது.

2003க்கு முன் பிறந்த நாம் பெரும்பாலும் இந்த ஊசி போடாதவர்கள். வீட்டில் யாருக்காவது பி வகை இருந்தால், மற்றவர்கள் பரிசோதித்து, கிருமி இல்லாவிட்டால் மூன்று தடவை ஊசி போட்டுக்கொள்ளலாம். தாய்க்கு பி இருப்பது தெரிந்தால் பிரசவத்துக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் குழந்தைக்கு ஊசி போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் இரண்டு மூன்று மாதம் மாத்திரை எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முற்றாகக் குணமாகும் காலம் வந்துவிட்டது. பி வகையை மாத்திரையால் அடக்கி வைக்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: சவர அலகு, பல்தூரிகை, நகவெட்டி ஆகியவற்றை ஒருவர் பாவித்ததை மற்றவர் பாவிக்கக் கூடாது. பி கிருமி உலர்ந்த இரத்தத்திலும் ஒரு வாரம் வரை உயிரோடிருக்கும். சலூனில் புது பிளேட் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இரண்டு: திருவிழாவில் அலகு குத்தும்போதும், காது குத்தும்போதும், பச்சை குத்தும்போதும் ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்த விடாதீர்கள். நேர்த்திக்கடனைச் சுத்தமான ஊசியால் செய்தாலும் அம்மன் ஏற்றுக்கொள்வாள்.

மூன்று: பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, சோளம், கொப்பரை ஆகியவற்றைக் கழுவிச் சமைக்காமல் வீசிவிடுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் அஃப்ளரொக்சின் என்ற நஞ்சும் ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். சமைத்தாலும் அது போகாது.

நான்கு: நீண்ட நாள் குடிப்பவர்கள், செங்கமாரி வந்தவர்கள், நீரிழிவுள்ளவர்கள் வைத்தியரிடம் ஈரல் பரிசோதனை கேளுங்கள். முதலில் தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லுங்கள். 35 வயது கடந்தவர்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களுக்குப் போகலாம். இங்கே இருப்பவர்கள் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகலாம். ஈரலில் தழும்பு இருப்பது தெரிந்துவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம். கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டால் வெட்டி எடுக்கலாம், சுட்டு அழிக்கலாம், சிலருக்கு மாற்று ஈரலும் வைக்கலாம். பெரிதான பிறகு வழிகள் குறைந்துவிடும்.

ஐந்து: வயிறு பெருத்தல், கால் வீக்கம், கண் மஞ்சள், காரணமில்லாமல் மெலிதல், கறுப்பாக மலம் போதல் ஆகியவற்றைக் கண்டால் அன்றே போங்கள். இரத்த வாந்தி எடுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வண்டிக்குக் காசில்லை.

கூட்டத்தில் கேட்ட சில கேள்விகள்

"பி கிருமி உள்ளவருக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் கொடுக்க வேணுமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். வேண்டாம் அம்மா. சேர்ந்து சாப்பிடுவதாலும், கட்டிப்பிடிப்பதாலும், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலும் அது தொற்றாது. அவரை ஒதுக்கி வைத்தால் அடுத்தவர் பரிசோதனைக்கே போகமாட்டார். அதுதான் பெரிய ஆபத்து. கணவன் மனைவி மட்டும், ஊசி போட்டுக்கொள்ளும் வரை ஆணுறை பாவிக்க வேண்டும்.

"இத்தனை வருசம் குடிச்சாச்சு, இனி விட்டு என்ன பயன்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பயன் உண்டு ஐயா. முதல் படியில் நிறுத்தினால் ஈரல் முற்றாகத் திரும்பும். தழும்பு வந்த பிறகு நிறுத்தினாலும், குடித்துக்கொண்டே இருப்பவரைவிட நீண்ட காலம் இருக்கலாம். ஆனால் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். அப்படிப்பட்டவர் வைத்தியர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். இன்னொன்று, குடித்த தலையிடிக்குப் பனடோலை அள்ளிப் போடாதீர்கள். கெட்ட ஈரலுக்கு அதுவும் பாரம்.

"மலையில ஏறி எறங்குற உடம்பு வலிக்கு ஒரு கிளாஸ் போடாட்டி தூக்கம் வராது" என்று ஒரு தம்பி சொன்னார். உடம்பு வலி பொய்யல்ல. அட்டைக்கடியும், மழையும், இடிந்த லயமும் பொய்யல்ல. இவற்றுக்காகச் சங்கத்திலும் நிருவாகத்திலும் பேச வேண்டியதைப் பேசத்தான் வேண்டும். அதைப் பேசுவதற்கும் தெளிந்த தலையும் நல்ல உடம்பும் தேவை. குடி வலியை ஒரு இரவுக்கு மறைக்கும், காலையில் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்கும்.

"வீட்டுல சொன்னா கேக்கிறதில்ல, நாங்க என்ன பண்றது?" என்று ஓர் அம்மா கேட்டார். குடித்திருக்கும்போது பேச வேண்டாம். மறுநாள் காலையில், தெளிவாக இருக்கும்போது, "உங்களோட இரத்தத்தை ஒரு தடவை பார்த்துட்டு வருவோம், நானும் கூட வர்றேன்" என்று மட்டும் கேளுங்கள். குடியை விடு என்பதைவிட, பரிசோதனைக்கு வா என்பது பலருக்கு எளிதாகக் காதில் ஏறுகிறது. பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கிய பிறகு வைத்தியர் சொல்வதும் காதில் ஏறும்.

அன்புள்ளவர்களே, தீபாவளி முற்பணம் வரும் காலம் நெருங்குகிறது. எந்தக் கடைக்கு முதலில் போவது என்பதை அன்றைக்கு வீதியில் நின்று யோசிக்காமல், இன்றே வீட்டில் இருந்து பேசி முடிவு செய்யுங்கள். மடுவில் மெழுகுதிரி கொளுத்தி நேர்ந்து கொண்டவர்களும், திருக்கேதீச்சரத்தில் தேங்காய் உடைத்தவர்களும், ஊர் திரும்பியதும் இன்னொரு காரியம் செய்யுங்கள். அடுத்த மாதத்துக்குள் தோட்ட வைத்திய நிலையத்துக்குப் போய் "எனது ஈரலைப் பார்க்க வேண்டும்" என்று பெயரைக் கொடுங்கள். யாருக்காவது தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் எமது அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் கூட வருகிறோம்.